ஸ்காபரோ பின்வளவில் மொனார்க்: இந்தக் கோடையின் கணக்கு

யூன், முதல் கிழமை

முதலாவது மொனார்க் வண்ணத்துப்பூச்சி வந்துவிட்டது. பெண் பூச்சி. பின்செட்டைகளில் கறுப்புப் பொட்டு இல்லை, நரம்புக் கோடுகளும் தடிப்பு. ஆணென்றால் ஒவ்வொரு பின்செட்டையிலும் ஒரு பொட்டு தெரியும்.

மெக்சிக்கோவிலிருந்து நேரே இங்கு வந்த பூச்சி என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. அங்கே குளிர்காலம் கழித்தவை மார்ச்சில் வடக்கே கிளம்பி, டெக்சாஸ் பக்கம் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். ஒன்ராறியோவுக்கு வந்து சேருவது அநேகமாக அவற்றின் பிள்ளைகள்.

வேலியோரப் புல்லைக் கிளப்பி, மொனார்க் புழுவின் சாப்பாடான மில்க்வீட் செடியின் விதை தூவியது இரண்டு வருடத்துக்கு முந்திய இலையுதிர்காலத்தில். இந்த விதை முளைக்கக் குளிர் பட வேண்டும். ஈரமணலோடு பிறிஜ்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்து எடுத்தாலும் சரி. ஒக்ரோபரில் நிலத்திலேயே போட்டுவிட்டால் பனி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். முதல் வருடம் மெலிந்த தண்டுகள்தான், பூ இல்லை. இந்த வருடம் இடுப்பளவு நிற்கிறது. சாதாரண மில்க்வீட் வேரோடிப் புல்லுக்குள்ளும் தலைகாட்டும். சின்ன வளவென்றால் சதுப்பு மில்க்வீட்டே நல்லது, அது நட்ட இடத்தில் நிற்கும்.

பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உது எங்கட எருக்கலை எல்லோ? உதை ஆரும் காசு குடுத்து வாங்கி நடுவினமோ?"

"எருக்கலையின்ர சொந்தக்காரர்தான் அன்ரி," என்றேன். உண்மையும் அதுதான். இரண்டும் ஒரே குடும்பம், கிள்ளினால் அதே பால், அதே பஞ்சு விதை. ஊரில் எருக்கலையில் வளரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் மொனார்க்கும் ஒரே பேரினம். அன்ரி சொன்னதிலும் பிழையில்லை: 2014 வரைக்கும் ஒன்ராறியோவில் மில்க்வீட் சட்டப்படி களைதான்.

யூலை நடு

இலைக்கு இலை புரட்டிப் பார்க்கிறேன். முட்டை குண்டூசித் தலையளவு, வெண்மஞ்சள், நெடுக்குக் கோடுகள். பெரும்பாலும் இளம் இலையின் அடியில், ஒன்று ஒன்றாக. காய்ந்த பால்துளியும் தூரத்துக்கு முட்டை மாதிரித்தான் தெரியும். கோடு இருக்கிறதா என்று போனின் கமராவால் பெருப்பித்துப் பார்த்தே எழுதுகிறேன்.

மொன்றியல் பூச்சியகம் நடத்தும் 'மிஷன் மொனார்க்' திட்டத்துக்குத்தான் கணக்கு அனுப்புகிறேன். எத்தனை செடி பார்த்தேன், எத்தனை முட்டை, எத்தனை புழு, புழு ஐந்து பருவத்தில் எது, இவ்வளவும் வேண்டும். ஒன்றுமே காணாத நாளையும் அனுப்பச் சொல்கிறார்கள். கண்ட நாளை மட்டும் எல்லாரும் எழுதினால் நாடு முழுக்க மொனார்க் நிறைந்திருப்பதாகத்தான் கணக்குக் காட்டும்.

முட்டைகளை உள்ளே கொண்டுபோய் வலைக்கூட்டில் வளர்க்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இந்த நகரத்தில் பலர் செய்கிறார்கள். கூட்டமாக வளர்த்தால் ஓ.ஈ. என்ற ஒட்டுண்ணி ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தொற்றும். வீட்டுக்குள் வளர்ந்தவற்றுக்கு மெக்சிக்கோ போகும் தெற்குத் திசை பிடிபடவில்லை என்று 2019 இல் ஓர் ஆய்வு வந்தது. வளர்த்ததை வெளியில் விட்டபின் பெரும்பாலானவை சரியான பக்கமே பறந்தன என்று குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வு 2021 இல் சொன்னது. இரண்டையும் வாசித்தேன், கூடு வாங்கவில்லை. எனக்கு வேண்டியது வெளியில் என்ன நடக்கிறது என்ற கணக்கு. நூறு முட்டையில் பத்துக்கூடச் செட்டை விரிக்காது. எறும்பு, சிலந்தி, குளவி, புழுவுக்குள் முட்டையிடும் ஈ எல்லாம் பங்கு கேட்கும். அதுவும் கணக்கில் வரட்டும்.

ஓகஸ்ட் தொடக்கம்

ரூஜ் பூங்கா ஓரத்தில் டோக்-ஸ்ட்ராங்கிளிங் வைன் பிடுங்கினோம். ஐரோப்பாவிலிருந்து வந்த கொடி, மில்க்வீட்டுக்கு உறவு. பெண் மொனார்க் ஏமாந்து இதிலும் முட்டையிடும். பொரிக்கும் புழு இதைத் தின்று பிழைக்காது. வேரோடு வராமல் அறுந்தால் திரும்ப முளைக்கும். கை நோகிற வேலை.

ஓகஸ்ட் கடைசி

வளவில் ஒரே நேரத்தில் ஐந்து, ஆறு பறக்கின்றன. வந்த விருந்தாளி ஒருவர், "இவ்வளவு நிக்குது, குறைஞ்சு போச்செண்டு ஆர் சொன்னது?" என்று சிரித்தார்.

இதுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் குறிப்பையே எழுதுகிறேன். ஒரு பெண் பூச்சி சில நூறு முட்டை இடும், ஒரு கோடைக்குள் இரண்டு மூன்று தலைமுறை வரும். காலநிலை ஒத்துழைத்தால் ஓகஸ்ட்டில் வளவு நிறையத்தான் செய்யும். பூவும் மில்க்வீட்டும் உள்ள வளவு சுற்றுவட்டாரப் பூச்சிகளையெல்லாம் இழுக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். என் வளவில் கூடியதென்றால் என் வளவில் கூடியது, அவ்வளவுதான்.

உண்மையான தொகை மெக்சிக்கோவில்தான் தெரியும். ரொக்கி மலைகளுக்குக் கிழக்கே உள்ள மொனார்க்குகளில் அநேகமானவை மிச்சோகான் பக்கத்து மலைகளில், ஒயமெல் என்ற ஊசியிலை மரங்களில் போய்க் கூடும். தலை எண்ண முடியாததால் அவை மூடியிருக்கும் காட்டின் பரப்பை அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேருக்கு மேல். 2013-14 இல் 0.67. 2023-24 இல் 0.90. 2024-25 இல் 1.79. ஒரு வருடத்தில் இரட்டிப்பு என்று செய்திகள் மகிழ்ந்தன. நிலைத்து நிற்க 6 ஹெக்டேராவது வேண்டும் என்பதே இலக்கு. மேற்குக் கரையில் இன்னும் மோசம்: கலிபோர்னியாக் கரையோரத்தை மையமாகக் கொண்ட கணக்கெடுப்பில் 2023 இல் 2,33,000 க்கு மேல் எண்ணியவர்கள் 2024 இல் 9,119 மட்டுமே கண்டார்கள்.

ஏன் குறைந்தது என்றால் ஒற்றைக் காரணம் இல்லை. அமெரிக்க மத்திய மேற்கில் சோள, சோயா வயல்களுக்குள் முன்பு மில்க்வீட் தானாக வளரும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் பயிர் வந்தது. பயிர் நின்றது, மில்க்வீட் போனது. மெக்சிக்கோவில் திருட்டு மரவெட்டு, டெக்சாஸ் பாதையில் வரட்சி. கனடா 2023 டிசம்பரில் மொனார்க்கை அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சட்டப்பட்டியலில் சேர்த்தது.

செப்டெம்பர்

இப்போது வெளிவருபவை வேறு சாதி மாதிரி. கோடைப் பூச்சி சில கிழமையில் செத்துப்போகும். இவை எட்டு மாதமளவில் வாழும். இப்போதைக்கு இணைசேராமல் தேன் குடித்துக் கொழுப்புச் சேர்க்கும். அதனால் இந்த மாதத்தில் மில்க்வீட்டைவிட அஸ்டர், கோல்டன்ரொட் பூக்கள்தான் முக்கியம். மில்க்வீட் மட்டும் நட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

வடக்குக் காற்று வீசிய ஒரு காலை, ஏரிக்கரை உச்சியில் உள்ள ரொசெற்றா மக்ளேன் தோட்டத்துக்குப் போனேன். மொனார்க்குகள் ஏரியைக் குறுக்கே கடக்கத் தயங்கிக் கரையோரமாக மேற்கே நகர்ந்தன. எண்ண முயன்று பாதியில் விட்டேன், பக்கத்தில் நின்ற பழைய ஆள் ஒருவர் நிமிடத்துக்கு இத்தனை என்று மட்டும் குறித்துக்கொண்டார். அது நல்ல முறை.

இவை எங்கே போகின்றன என்று தேடியவரும் ஸ்காபரோக்காரர்தான் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் படிப்பித்த ஃபிரெட் ஏர்குஹார்ட்டும் மனைவி நோராவும் பல பத்தாண்டுகள் செட்டையில் சிட்டை ஒட்டி, தன்னார்வலர்களை வைத்துத் தேடினார்கள். அவர்களோடு வேலை செய்த கென் புரூகர், கற்றலினா அகுவாடோ இருவரும் 1975 ஜனவரியில் மெக்சிக்கோ மலையில் அந்தக் காட்டைக் கண்டார்கள். அந்த மலைக் கிராமத்தாருக்கு அது முன்பே தெரிந்த காட்சி.

ஒக்ரோபர்

நெற்றுகள் பழுப்பாகி வெடிக்கத் தொடங்க, பஞ்சு பறக்கமுன் விதை எடுத்தேன். காய்ந்த தண்டுகளை வசந்தம்வரை வெட்டப்போவதில்லை, தேனீக்கள் உள்ளே தங்கும். பக்கத்து வீட்டு அன்ரிக்குச் சதுப்பு மில்க்வீட் விதை ஒரு சிறங்கை கொடுத்தேன். மிளகாய்ப் பாத்திக்குள் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வரும் வருடம் முன்வளவில் அஸ்டர் கூட்டவேண்டும். மெக்சிக்கோப் பரப்பளவு வழமைபோல் அடுத்த வருட முற்பகுதியில் வெளிவரும், வந்ததும் என் கொப்பிக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிப் போடுகிறேன்.