கோதுமை முற்றிய நாளில் ஆனந்த்பூர் சாகிபில்

பஞ்சாபின் வைசாக்கித் திருநாளை நம் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் பெரும்பாலும் ஒரே படத்தைக் கொண்டுதான் அறிமுகப்படுத்துகின்றன: முற்றிய கோதுமை வயலின் நடுவே வண்ணத் தலைப்பாகை அணிந்த இளைஞர்கள் பாங்ரா ஆடும் படம். அது பொய்யன்று, ஆனால் சீக்கியர்கள் அந்த நாளை எதற்காகப் போற்றுகிறார்கள் என்பதை அந்தப் படம் சொல்வதே இல்லை. ஆனந்த்பூர் சாகிபில் ஒரு வைசாக்கியைக் கழித்துவிட்டு வந்த நான், இந்தத் திருநாளுக்குத் தேதியைக் குறித்துக் கொடுத்தது அறுவடை, பொருளைக் கொடுத்தது அந்தத் தேதியில் ஓரிடத்தில் கூடிய மக்கள் என்றே எண்ணுகிறேன்.

சண்டிகரிலிருந்து ரூப்நகர், கீரத்பூர் சாகிப் வழியாக ஏறக்குறைய 85 கிலோமீட்டர் வடக்கே சென்றால், சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில், சட்லெஜ் ஆற்றுக்கு அருகில் இருக்கிறது ஆனந்த்பூர் சாகிப். வழி நெடுகச் சாலையின் இருபுறமும் கோதுமை விளைந்து நின்றது. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த பயிர் பொன்னிறமாகிக் கதிர் காய்ந்திருந்தாலும், பெரும்பாலான வயல்களில் அறுவடை இயந்திரம் இன்னும் இறங்கவில்லை. தண்ணீர் பாய்ச்சும் வேலை முடிந்து, அறுப்பு வேலை முழுவீச்சில் தொடங்குவதற்கு முன்னால் உழவர்களுக்குக் கிடைக்கும் அந்தச் சிறிய ஓய்வில்தான் வைசாக்கி வருகிறது. சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நாளையொட்டியே அவர்களும் கணக்கிடுவதால், நம் சித்திரை முதல் நாளும் வைசாக்கியும் ஏப்ரல் 13, 14 தேதிகளில் சேர்ந்தே வருகின்றன. மூன்றாவது குருவான அமர்தாஸ், பியாஸ் ஆற்றங்கரையில் உள்ள கோயிந்த்வாலுக்குச் சீக்கியர்கள் ஆண்டுதோறும் வந்து கூடவேண்டிய நாட்களில் ஒன்றாக வைசாக்கியைத் தேர்ந்தபோது, உழவர்கள் வீட்டைவிட்டுப் புறப்படக்கூடிய காலம் இது என்பதையும் அறிந்தே செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படிக் கூடும் வழக்கம் வேரூன்றியிருந்ததனால்தான் 1699ஆம் ஆண்டு வைசாக்கி நடந்தது. பத்தாவது குருவான கோவிந்த் சிங்கின் அழைப்பை ஏற்று ஆனந்த்பூரில் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. அவருடைய தந்தை குரு தேக் பகதூர் 1675இல் டெல்லியில் முகலாய ஆட்சியால் தலை வெட்டப்பட்டு இறந்திருந்தார். உருவிய வாளுடன் கூட்டத்தின்முன் வந்து நின்ற குரு, எனக்கு ஒரு தலை வேண்டும் என்று கேட்டார். நெடிய தயக்கத்துக்குப் பிறகு ஒருவர் எழுந்தார். கூடாரத்துக்குள் அவரை அழைத்துச் சென்ற குரு, தனியே வெளியே வந்து மீண்டும் கேட்டார். இவ்வாறு ஐந்து முறை நடந்த பிறகு, ஐவரையும் புத்தாடையுடன் உயிரோடு வெளியே அழைத்து வந்தார். பஞ்ச் பியாரே, அதாவது அன்புக்குரிய ஐவர், என்று சீக்கியர்கள் கொண்டாடும் அவர்களின் ஊர்களையும் தொழில்களையும் கேட்டால் அந்த நாளின் வீச்சு புரியும். தயா சிங் லாகூரைச் சேர்ந்த, கத்ரி என்னும் குலத்தவர். தரம் சிங் அஸ்தினாபுரத்து உழவர். ஹிம்மத் சிங் பூரி ஜெகந்நாதத்திலிருந்து வந்த, தண்ணீர் சுமக்கும் குலத்தவர். மோக்கம் சிங் துவாரகையின் துணி அச்சிடும் தொழிலாளி. சாகிப் சிங் கர்நாடகத்துப் பீதரைச் சேர்ந்த நாவிதர் என்று சீக்கிய மரபு கூறுகிறது.

இந்த நிகழ்ச்சியில் என்னை மிகவும் உலுக்கியது வாளன்று, அதன்பின் நடந்ததுதான். இரும்புக் கிண்ணத்து நீரில் சர்க்கரைப் பதாசாக்களைக் கலந்து, இருபுறமும் கூரான கண்டா என்னும் வாளால் கலக்கிய அமிர்தத்தை ஐவருக்கும் புகட்டிய குரு, பின்னர் அவர்கள்முன் தாமே பணிந்து நின்று, தமக்கும் அதைத் தருமாறு கேட்டுப் பெற்றுக்கொண்டார். தானே குருவும் தானே சீடனும் ஆனவர் என்று சீக்கியர்கள் இன்றும் அவரை வியந்து பாடுகிறார்கள். குருவே தம் சீடர்களிடம் தீட்சை பெற்றுக்கொண்ட அந்தச் செயலைவிடத் துணிவான ஒன்றை நான் எந்தச் சமய வரலாற்றிலும் அறிந்ததில்லை.

இவ்வாறு அமிர்தம் ஏற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சா பிறந்த அந்த இடத்தில் இப்போது நிற்பது, சீக்கியர்களின் ஐந்து தக்துகளில், அதாவது தலைமைப் பீடங்களில், ஒன்றான கேஸ்கட் சாகிப். குன்றின்மேல் வெண்ணிறமாக எழும் அந்தக் குருத்வாராவின் படிகளில் விடியலுக்கு முன்பே வரிசை நீண்டிருந்தது. உள்ளே குருவுடையவை என்று போற்றப்படும் ஆயுதங்களையும், அவற்றுள் அந்தக் கண்டாவையும் வணங்கிவிட்டு மக்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வைசாக்கி அன்று அமிர்தம் ஏற்பதைப் பலர் பெரும்பேறாகக் கருதுகிறார்கள். அந்தச் சடங்கு நடக்கும் இடத்துக்குள் பார்வையாளர்கள் செல்வதில்லை. அமிர்தம் ஏற்றுக்கொண்டு வெளியே வந்த இளம் தம்பதியர் நடந்ததை எனக்குப் பொறுமையாக விளக்கினார்கள்: ஐந்து பாடல்களை ஓதிக்கொண்டே ஐவர் அமிர்தத்தை ஆயத்தம் செய்கிறார்கள், ஏந்திய கைகளில் ஐந்து முறை ஊற்றிப் பருகத் தருகிறார்கள், கண்களிலும் தலைமுடியிலும் தெளிக்கிறார்கள், மீதமிருப்பதை எல்லோரும் ஒரே கிண்ணத்தில் வாய்வைத்துப் பருகுகிறார்கள். எந்தக் குலத்தவர் தொட்ட பாத்திரம் என்று பார்த்தே வாழ்ந்த ஒரு நாட்டில் 1699இல் இப்படி ஒரு விதியை வகுத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

வெளியே கொடிமரத்தைப் பாலும் நீரும் கொண்டு கழுவி, நிஷான் சாகிப் என்னும் அந்தச் சீக்கியக் கொடிக்குப் புதிய துணி சுற்றினார்கள். நகர் கீர்த்தன் ஊர்வலத்துக்கு முன்னால் பெண்களும் ஆண்களும் தெருவைப் பெருக்கி நீர் தெளித்துக்கொண்டே போனார்கள். அவர்களுக்குப் பின்னால், வாளேந்திய ஐவர் காலணி அணியாமல் நடந்துவர, சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிபைத் தாங்கிய மலர் அலங்கார வாகனம் மெல்ல நகர்ந்தது. ஒரு திடலில் டாடிப் பாடகர்கள் வீரக் கதைகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நம் உடுக்கையைப் போலவே இடை சிறுத்த டட் என்னும் சிறு கைமேளத்தையும் சாரங்கியையும் மட்டுமே துணைகொண்டு அவர்கள் எழுப்பிய குரலுக்கு முதியவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

அங்கிருந்து அமிர்தசரஸுக்குச் சென்றேன். பொற்கோயிலுக்கு மிக அருகில் இருக்கும் ஜாலியன்வாலா பாக்கில் 1919 ஏப்ரல் 13 அன்று கூடியிருந்தவர்களில் பலர் வைசாக்கிக்காக நகருக்கு வந்த கிராமத்து மக்கள். பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி டயரின் படையினர் ஏறத்தாழ பத்து நிமிடங்களில் 1650 தோட்டாக்களைச் சுட்டார்கள். அரசின் கணக்கே 379 பேர் இறந்ததாகச் சொல்கிறது. சுவரில் இருக்கும் குண்டுத் தடங்களைப் பார்த்த பிறகு வைசாக்கியை வெறும் ஆடல்பாடல் நாளாக யாரும் எழுதமாட்டார்கள்.

பொற்கோயிலின் லங்கரில், அதாவது எல்லோருக்கும் இலவசமாக உணவளிக்கும் பொதுச் சமையற்கூடத்தில், என் பக்கத்தில் அமர்ந்து உண்டவர் தரன் தாரன் பக்கத்து உழவர். இரு கைகளையும் ஏந்தித்தான் ரொட்டியை வாங்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவரும் அவரே. “பாபாஜி, உங்கள் வயலில் அறுப்பு முடிந்ததா?” என்று இந்தியில் கேட்டேன். “நாளைக்குத்தான் இயந்திரம் வருகிறது, மகனே. கோதுமை மண்டிக்குப் போவதற்கு முன்னால் குருவின் வீட்டுக்குரிய பங்கை எடுத்து வைத்துவிடுவோம்” என்றார். வருவாயில் பத்தில் ஒரு பங்கைப் பொதுப்பணிக்குத் தரவேண்டும் என்ற தஸ்வந்த் நெறியைத்தான் அவர் சொன்னார். அறுப்பு முடிந்ததும் கிராமங்களிலிருந்து டிராக்டர்களில் கோதுமை மூட்டைகள் குருத்வாராக்களுக்கு வந்து சேரும் என்றும், அதுதான் அடுத்த வைசாக்கிவரை லங்கரில் ரொட்டியாகும் என்றும் சொல்லிவிட்டு, உண்ட தட்டுகளைக் கழுவும் இடத்துக்கு என்னையும் அழைத்துக்கொண்டு எழுந்தார்.