இரண்டே இசைத்தட்டுகள்: பாடிஸ்னாட்சர்ஸ் நாட்குறிப்பு

2024 அக்டோபர் 5, சனி

இன்று மத்தியானம் லண்டன் சோஹோவின் பெர்விக் தெருவில், பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றின் பெட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்கா என்ற ஜமைக்க நடன இசையை வாசித்த பிரிட்டிஷ் குழுவான பாடிஸ்னாட்சர்ஸின், இத்தனை ஆண்டுகளாகக் கணினியில் மட்டுமே கேட்டுவந்த 'லெட்ஸ் டூ ராக் ஸ்டெடி' ஏழு அங்குலத் தட்டாகக் கைக்கு வந்தது. காகித உறையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். பக்கத்தில், தொப்பியும் ஒடுங்கிய டையும் அணிந்து, கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டபடி நிற்கும் டூ டோன் இசைத்தட்டு நிறுவனத்தின் சின்னமான குட்டி மனிதன். உறையின் ஓரம் பழுத்து, மூலை ஒன்று மடங்கியிருந்தது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மெல்லிய கீறல்கள் இருந்தன, ஆழமானது ஒன்றுமில்லை.

இதே பெர்விக் தெருச் சந்தையில்தான், பாடிஸ்னாட்சர்ஸ் குழுவைத் தொடங்கிய நிக்கி சம்மர்ஸ் ஒரு காய்கனிக் கடையில் வேலை பார்த்தார். அவருடைய தட்டை அவர் பழம் விற்ற தெருவிலேயே வாங்கியிருக்கிறேன் என்பது, பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்து, வண்டிக் கடைகளுக்கு நடுவே நின்றபோதுதான் உறைத்தது.

2024 அக்டோபர் 6, ஞாயிறு

காலையிலிருந்து இரு பக்கங்களையும் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். முதல் பக்கப் பாடல், ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்துக்கு வந்த டேண்டி லிவிங்ஸ்டன் 1960களில் பாடியதை இவர்கள் திரும்பப் பாடியது. டூ டோனின் இன்னொரு குழுவான ஸ்பெஷல்ஸ் புகழ் சேர்த்த 'எ மெசேஜ் டு யூ ரூடி'யும் அவருடையதுதான்.

ஸ்காவின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கிட்டார் வாயை மூடிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது என்பேன். கை தட்டும் இடத்தில் கிட்டார் மௌனமாக இருக்கும். அரையிடம் தள்ளி, ஒரு கைத்தட்டுக்கும் அடுத்த கைத்தட்டுக்கும் நடுவில், மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டிவிட்டு, தந்தி ஒலித்து முடிக்கும் முன்பே விரல்களைத் தளர்த்தி ஒலியை அணைத்துவிட வேண்டும். தாளம் போட்டுப் பழகிய கைக்கு இது எளிது என்று நினைத்து, என்னிடமுள்ள கிட்டாரில் ஒரு மணி நேரம் முயன்றேன். வெட்டுவது வந்துவிட்டது, அணைப்பது வரவில்லை. அந்த அணைப்பில் நூலிழை தாமதமானாலும் பாட்டு துள்ளாமல் இழுபடுகிறது. இந்தக் குழுவில் கிட்டார் வாசித்த ஸ்டெல்லா பார்க்கர் இதைப் பாட்டு முழுவதும் பிசகாமல் செய்கிறார்.

1966 வாக்கில் ஜமைக்காவில் ஸ்காவின் வேகம் தணிந்து ராக்ஸ்டெடி பிறந்தபோது, பேஸ் கிட்டார் முன்னுக்கு வந்தது. டூ டோன் குழுக்களில் பல, பங்க் இசையின் அவசரத்தை ஸ்காவோடு சேர்த்து ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், இவர்கள் தங்கள் முதல் தட்டிலேயே ராக்ஸ்டெடியைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அதை வெறும் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. கேட்கக் கேட்க என் காது நிக்கியின் பேஸைத்தான் தேடிப் போகிறது.

2024 அக்டோபர் 9, புதன்

'வாசிக்கத் தெரியாத பெண்கள்' என்ற பேச்சு இந்தக் குழுவைப் பற்றி இன்றும் கேட்கிறது. அது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. ஏழு பேரும் பெண்கள். அவர்களில் பலர் அப்போதுதான் கருவியைக் கையில் எடுத்தவர்கள். 1979 நவம்பரில் ஒரு மதுக்கூடத்தில் முதல் கச்சேரி. 1980 மார்ச்சில் டூ டோன் வெளியீடு. பிரிட்டிஷ் பட்டியலில் 22ஆம் இடம். 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி. பிற குழுக்களுக்குக் கற்றுக்கொள்ளவும் தவறு செய்யவும் கிடைத்த காலம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மேடையிலேயே கற்றார்கள். சாரா ஜேன் ஓவன் கிட்டார், பென்னி லெய்டன் கீபோர்டு, மிராண்டா ஜாய்ஸ் சாக்ஸபோன். டிரம்ஸில் முதலில் ஜேன் சம்மர்ஸ், பிறகு ஜூடி பார்சன்ஸ். இத்தனை பெயர்களையும் இங்கே எழுதுவதற்குக் காரணம், டூ டோன் வரலாறு சொல்பவர்கள் இவர்களை 'பெண்கள் குழு' என்ற இரண்டே சொல்லில் கடந்துவிடுவதுதான்.

2024 அக்டோபர் 13, ஞாயிறு

இன்று இரண்டாவது தட்டு, 'ஈஸி லைஃப்'. இது என்னிடம் தட்டாக இல்லை, இணையத்தில்தான் கேட்டேன். 1980 ஜூலையில் வந்து 50ஆம் இடத்தோடு நின்றுபோன இந்தப் பாடல், முதல் தட்டைவிடப் பல படி மேலானது என்பது என் உறுதியான கருத்து.

இங்கிலாந்தில் சம ஊதியச் சட்டமும் பாலினப் பாகுபாட்டுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது 1975இன் இறுதியில். ஐந்தாண்டுகூட ஆகவில்லை. வீட்டோடு இருந்துவிடும் சுலபமான வாழ்க்கையா, வெளியே போய்த் தன் காலில் நிற்பதா என்ற கேள்வியை ஒரு நடனப் பாட்டுக்குள் வைத்து, யாருக்கும் உபதேசம் செய்யாமல், அந்தச் சுலபத்தின் கவர்ச்சியையும் மறைக்காமல் குழுவின் பாடகி ரோடா டகார் பாடுகிறார். அவர் குரலில் அலங்காரம் கிடையாது. கமகமும் குழைவும் இல்லாத, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற நேரான குரல். சொல் எங்கே முடிகிறதோ அங்கேயே சுரமும் முடிந்துவிடுகிறது. அதனால்தான் அந்தக் கேள்வி கேட்பவரிடமே வந்து நிற்கிறது.

மறுபக்கத்தில் உள்ள 'டூ எக்ஸ்பீரியன்ஸ்ட்', வின்ஸ்டன் ஃபிரான்சிஸ் பாடிய ஜமைக்கப் பாடல். நன்றாகவே இருக்கிறது, ஆனால் இன்று என் மனம் அதில் தங்கவில்லை.

2024 அக்டோபர் 19, சனி

'தி பாய்லர்' பாடலை இன்று ஒரே ஒரு முறை கேட்டேன். இரண்டாம் முறை கேட்க முடியவில்லை.

அழகில்லாதவள் என்று பெண்ணை இழிவுபடுத்தும் கொச்சைச் சொல்தான் பாய்லர். ஓர் ஆணோடு பழகி, வெளியே போய், வன்புணர்வுக்கு ஆளாகும் பெண், நடந்ததைத் தன் வாயாலேயே சொல்கிறாள், பாடவில்லை, பேசுகிறாள். பின்னணித் தாளம் எதுவும் நடவாததுபோல் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் சொற்கள் தீர்ந்து அலறல் மட்டும் மிஞ்சுகிறது. பாடிஸ்னாட்சர்ஸ் மேடையில் நிகழ்த்திய இதை, அவர்கள் கலைந்த பிறகு, 1982 ஜனவரியில், ஸ்பெஷல்ஸின் அடுத்த வடிவமான ஸ்பெஷல் ஏ.கே.ஏ. குழுவுடன் ரோடா வெளியிட்டார். வானொலிகள் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டன. அப்படியும் 35ஆம் இடம் வரை போனது.

நடனமாட வந்த கூட்டத்தின் முன்னால், இருபதை ஒட்டிய வயதில், இதை நிகழ்த்தும் துணிவை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களின் படைப்புகளிலேயே மிகத் துணிச்சலான இது, அவர்கள் பெயரில் ஒரு தட்டாகக்கூட வரவில்லை.

2024 அக்டோபர் 31, வியாழன்

1980இல் இதே நாளில், லண்டன் கேம்டனின் மியூசிக் மெஷின் அரங்கில் அவர்கள் கடைசியாக வாசித்தார்கள். முதல் கச்சேரிக்கு ஓராண்டுகூட நிறையவில்லை. ஐந்து பேர் பெல் ஸ்டார்ஸ் குழுவாகி, 1983இல் 'சைன் ஆஃப் தி டைம்ஸ்' பாடலுடன் 3ஆம் இடத்தைத் தொட்டார்கள். பாடிஸ்னாட்சர்ஸ் பெயரில் முழு ஆல்பம் என்று ஒன்று வரவேயில்லை. 1981இல் வந்த 'டான்ஸ் கிரேஸ்' படத்தில் மேடையில் அவர்களைப் பார்க்கலாம். 2023இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் அதைச் சீரமைத்து வெளியிட்டது.

2015இல் ரோடா, ஸ்பெஷல்ஸ் குழுவின் லின்வல் கோல்டிங், ஹோரஸ் பான்டர் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பழைய பாடல்களை ஒரு ஆல்பமாகப் பாடினார். இன்று இரவு அதைக் கேட்டேன். வாசிப்பில் அனுபவம் தெரிகிறது. குரலில் கனம் ஏறியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிறகு பெர்விக் தெருவில் வாங்கிய தட்டை எடுத்து, துணியால் துடைத்து, ஊசியை வைத்தேன். இருபத்தைந்து நாளாகப் பழகியும் எனக்கு இன்னும் சரியாக வராத அந்த வெட்டும் அணைப்பும், முதல் சுற்றிலேயே தொடங்கிவிட்டன. கிட்டாரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.