ஒரு வேர்க்குறிப்பை வெட்டியது பற்றி

"படிக்கிறவர் இதையெல்லாம் கேட்க மாட்டார், விடுங்க" என்றேன், எங்கள் அகராதியில் ஒரு சொல்லின் வேர்க்கதையை வெட்டியபோது உதவியாசிரியரிடம். சொன்ன விஷயம் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த 'விடுங்க'தான் உறுத்துகிறது.

அகராதியில் 'சாங்ஷன்' பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். நமக்கு அது பழகிய சொல். லோன் சாங்ஷன் ஆகும், லீவு சாங்ஷன் ஆகும். செய்தித்தாளில் அதுவே ஒரு நாட்டின் மீது போடும் பொருளாதாரத் தடை. உதவியாசிரியர் இரண்டு பொருளையும் எழுதி, தலையில் ஒரு குறிப்பும் வைத்திருந்தார். லத்தீனில் 'சான்கீரே' என்றால் புனிதமாக்குவது, மீறக்கூடாதென்று விதிப்பது. 'செயின்ட்' என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். ரோமானியச் சட்டத்தில் 'சான்க்தியோ' என்பது, மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதி. விதியை உறுதி செய்வதும் மீறியவரைத் தண்டிப்பதும் ஒன்றாக இருந்த இடத்திலிருந்து ஒரு கிளை அனுமதியாயிற்று, இன்னொன்று தடையாயிற்று. 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக உலக நாடுகள் சங்கம் எடுத்த நடவடிக்கைக்கும் இதே பெயர்தான்.

அழகான குறிப்பு. வெட்டினேன். "அப்போ ஒரே சொல் எப்படி சார் சம்மதமும் சொல்லும், தண்டனையும் தரும்? படிக்கிறவங்க குழம்ப மாட்டாங்களா?" என்று கேட்டார். அதற்குத்தான் அந்தப் பதில்.

ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி போன்றவை பழைய பொருளை முதலில் வைக்கும். மாணவர் அகராதி அதிகம் புழங்கும் பொருளை வைக்கும். நாங்கள் செய்தது இரண்டாவது வகை. பாதிக் கடிதத்தை எழுதிவிட்டு அகராதியைப் புரட்டுகிறவருக்கு ரோமாபுரி எதற்கு?

ஆனாலும் அவர் கேட்டது நியாயம். வேர் தெரிந்தால் இரண்டு பொருளும் மனதில் ஒட்டும், மறக்காது. அப்புறம் வேறொரு பக்கத்தில் 'சாங்ஷன்ட் பேங்க்' என்ற தொடரைப் பார்த்தேன். அனுமதி பெற்ற வங்கியா, தடை விதிக்கப்பட்ட வங்கியா? முன்பின் வரிகளைப் பார்த்தால்தான் தெரிந்தது. லத்தீன் அங்கே உதவவில்லை. இதை அவரிடம் சொல்லியிருந்தால், "நம்ம பதிவு மட்டும் உதவுச்சா சார்?" என்று கேட்டிருப்பார். கேட்கக்கூடியவர்தான்.

இப்போது மறுபதிப்புக்கான திருத்தப் பட்டியல் என் மேசையில் இருக்கிறது. சாங்ஷனை அதில் சேர்க்கவில்லை. சேர்த்தால், மேற்பார்வைக்கும் கவனக்குறைவுக்கும் ஒன்றாக நிற்கும் 'ஓவர்சைட்'டுக்கும் கதை சொல்ல வேண்டும். 'கிளீவ்' இன்னும் மோசம். பிளப்பதும் அதுதான், ஒட்டிக்கொள்வதும் அதுதான். பழைய ஆங்கிலத்தில் அவை இரண்டு தனிச் சொற்கள், உறவே இல்லை, ஒலி தேய்ந்து ஒன்றாகிப் போனவை. ஒன்றுக்குப் போட்டுவிட்டு மற்றதற்கு எப்படி மறுப்பது?