செவ்வாயிலிருந்து அம்மாவுக்கு ஒரு கோல்

அண்ணாவின் மகள் புலமைப்பரிசில் சோதினை முடிந்த கையோடு சித்திரக் கொப்பியில் படக்கதை கீறத் தொடங்கிவிட்டாள். மல்லாவிப் பெட்டை ஒருத்தி செவ்வாய்க்குப் போகிறாள். றொக்கெட் கிளம்புவது எங்கள் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னாலிருந்து. அதைப் பார்த்த அப்பம்மா, "இவளுக்கு ஏற்கெனவே செவ்வாய்க்குற்றம் எண்டு சாத்திரி சொன்னவர். அங்கயே போறாளாமோ?" என்றா.

சைக்கிள் திருத்துகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நினைப்பீர்கள். 2003 ஓகஸ்ட்டில் செவ்வாய் ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் கிலோமீற்றர் வரை கிட்ட வந்தபோது, இரவிரவாக வயல் வரம்பில் குந்தியிருந்து பார்த்தவன் நான். அப்ப பிடித்த பைத்தியம்.

எனக்குக் குத்தியது மூன்றாம் பக்கம். றொக்கெட் தலைகீழாக விழுகிறது. "அம்மா, என்ன செய்ய?" அடுத்த பெட்டியிலேயே அம்மா: "சிவப்புப் பொத்தானை அமத்து!"

"உடன பதில் வராது பிள்ளை."

"ஏன் சித்தப்பா, ரவர் பிரச்சினையோ?"

வானொலி அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும், செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர். செவ்வாய் கிட்ட நின்றால் ஒரு வழிக்கு 3 நிமிடம், எட்ட நின்றால் 22. 2021 பெப்ரவரியில் நாசாவின் பெர்சிவியரன்ஸ் என்ற ஆளில்லா ஊர்தி அங்கே இறங்கியபோது 11 நிமிடத்துக்கு மேல். வளிமண்டலத்துக்குள் நுழைந்து தரை தொடுவதற்கோ 7 நிமிடந்தான். பூமியிலிருந்து ஒருவரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்க ஏலாது. அது தானாகத்தான் இறங்கியது.

"எட்ட நிண்டா, கேட்டுப் பதில் வர 44 நிமிசம். அதுமட்டும் அம்மா என்ன செய்வா?"

எனக்கு மாமாவின் கடிதம்தான் ஞாபகம் வந்தது. 1997இல் கனடாவிலிருந்து, "எல்லாரும் சுகமோ?" என்று புளியங்குளத்து விலாசத்துக்கு எழுதியிருந்தார். அது கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தோம். அம்மா பதில் எழுதி, அது போய்ச் சேர்ந்ததாவென்று தெரியாமலே மாதக்கணக்காய் நெல் குத்தினா, விறகு பொறுக்கினா. இதைச் சொன்னேன். பெட்டை ஒன்றும் பேசாமல் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்பக் கீறினாள்.

இப்ப றொக்கெட்டைப் பெட்டையே இறக்குகிறாள். அதற்குப் பிறகுதான் கோல். முதல் பெட்டியில் அம்மா, "சாப்பிட்டியா?" இரண்டாவதில் தேங்காய் திருவுறா. மூன்றாவதில் மரவள்ளிக்குள் இறங்கிய ஆட்டைக் கலைக்கிறா. நான்காவதில் விளக்கு வைக்கிறா. ஐந்தாவதில் பதில்: "ஓம். நீங்கள்?"

கொப்பியில் தாள் முடிந்துவிட்டது. புதுசு வாங்கித் தரச்சொல்லிக் கடை வாசலில் நிற்கிறாள்.