பங்கனபள்ளியில் பால் கறை விழாமல் பறித்த அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் எங்களுக்கு அறுபது மாமரம், பெரும்பாலும் பங்கனபள்ளி. முந்தின சீசனில் காயில் அடி இல்லை, புழு இல்லை, ஆனால் மண்டியில் இறக்கியதும் வியாபாரி ஒரு காயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பால் வழிஞ்ச காய்ங்க, ரெண்டாம் ரேட்டுதான் போகும்" என்று ஒதுக்கிவிட்டார். மனசு விட்டுப்போச்சு. பறித்த அன்று ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துக் காம்படியிலிருந்து பழுப்பாக ஒரு கோடு இறங்கி, அப்புறம் கருத்துவிடும். நாங்கள் அதை அழுகல் நோய் என்று நினைத்து மருந்தடித்துக்கொண்டிருந்தோம்.

காம்பு அடியோடு முறிகிற நொடியில் பால் பீய்ச்சி அடிக்கும், டர்பென்டைன் மாதிரி வாசனை வரும், கையில் பட்டால் எரியும். முதலில் தெறிக்கிற அந்தப் பால்தான் தோலைச் சுட்டுவிடுகிறது, பிறகு கசிவது அவ்வளவு மோசமில்லை.

அதனால் போன சீசனில் கத்தி வைத்த வலைத் தொரட்டிக்கு மாறினோம். பறிக்கிறவரிடம், "அண்ணா, விரல் நீளம் காம்பு விட்டு வெட்டுங்க" என்று மரத்துக்கு மரம் சொல்ல வேண்டியிருந்தது, முப்பது வருஷப் பழக்கம் ஒரு நாளில் மாறுமா? விடிகாலையில் பால் அழுத்தம் அதிகம், அதனால் ஒன்பது மணிக்கு மேல்தான் ஏறச் சொன்னோம். வெயில் ஏறும் என்பதால் பறித்த காயை உடனே நிழலுக்குக் கொண்டுவந்தோம்.

நிழலில்தான் முக்கியமான வேலை. பழைய கட்டில் சட்டத்தில் மூங்கில் தப்பைகளை இடைவெளி விட்டுக் கட்டினோம். ஒவ்வொரு காயையும் தலைகீழாகப் பிடித்துக் காம்பை ஒரு சென்டிமீட்டருக்கு நறுக்கி, பால் தோலில் படாமல் நேராகத் தரையில் சொட்டும்படி, காம்பு கீழே இருக்க அடுக்கினோம். ஒரு மணி நேரம் வடிந்ததும் 100 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ சுண்ணாம்பு கரைத்து அதில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் போக உலர்த்தினோம். ஆள் கூலி கூடியது உண்மை. ஆனால் அந்த லோடில் கோடு விழுந்த காயைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சாக்கை விட்டுவிட்டு, காகிதம் விரித்த கிரேட்டில் இரண்டு அடுக்குக்கு மேல் வைக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துவைத்த காயைத் தங்கச்சி பழுக்கும் முன்னே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள், தோல் சாம்பல் நிறமாகிக் குழி விழுந்துவிட்டது. 12, 13 டிகிரிக்குக் கீழே காய் தாங்காது.

மழை பெய்த வாரத்தில் பறித்ததில் மட்டும், பழுக்கும்போது கரும்புள்ளி வந்தது. அது பால் இல்லை, பூஞ்சணம். அதற்கு 52 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிஷம் முக்க வேண்டும், இந்த சீசனுக்கு டிரம்மும் தெர்மாமீட்டரும் வாங்கி வைத்திருக்கிறேன்.