நாடகத்துக்கு முன்னால் நாலு இட்லி

சென்னையில் நாடகம் பார்க்கிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை கிடையாது. ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது, ஒன்பதரைக்குள் முடிந்துவிடும். மார்கழி என்றால் சபாவிலேயே கேண்டீன் இருக்கும். உள்ளே போகுமுன் அடை அவியல், வெளியே வந்ததும் ஒரு ஃபில்டர் காபி, அப்புறம் வீடு. இந்தப் பழக்கத்தில் ஊறிய என் சித்தப்பா மகன், எங்கள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் பார்க்க வரப்போவதாகப் போன் செய்தான்.

"அண்ணே, டிராமா எத்தனை மணிக்கு முடியும்? முடிஞ்சதும் டின்னருக்கு எங்க போகலாம்?"

"காலையில ஆறு மணிக்கு முடியும். பல்லை விளக்கிட்டு இட்லி சாப்பிடலாம்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது. வைகாசியில் அம்மன் கோயில் திருவிழா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். போட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் கரையில் இருப்பதால் பந்தல் கட்டவும் தகராறு பண்ணவும் ஆள் பஞ்சமே இருக்காது. கடைசி நாள் ராத்திரிதான் நாடகம். ஒரு வருஷம் புதுமையாக இருக்கட்டும் என்று பவளக்கொடி போட்டார்கள். கிழவிகள் எல்லாம் சேர்ந்து விழாக் கமிட்டியைப் பேசிய பேச்சில், மறு வருஷமே வள்ளி திருமணத்துக்குத் திரும்பிவிட்டோம். அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கதாநாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட் அவர் பாட்டில் ஒரு அடியை விட்டுவிட்டுப் பாடினால் முன்வரிசையிலிருந்து இன்றும் எடுத்துக் கொடுப்பார்கள்.

தம்பி ராமநாதபுரத்தில் ரயிலை விட்டு இறங்கும்போதே போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். நெத்திலி வறுவல், நண்டு ரசம், கணவாய்த் தொக்கு, பாறை மீன் குழம்பு. நாடகத்துக்கு முன்னால் எது, பின்னால் எது என்று பிரித்து வேறு எழுதியிருந்தான். அப்பத்தா அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"காப்புக் கட்டியிருக்கு அப்பு. ஊருக்குள்ள கவிச்சி ஆகாது."

"எப்ப வரைக்கும் அப்பத்தா?"

"நாளைக்கு மத்தியானம் காப்பு அவுக்குற வரைக்கும்."

கடல் சத்தம் காதில் விழுகிற இடத்தில் உட்கார்ந்து தம்பி கத்தரிக்காய் சாம்பார் சாப்பிட்டான். மெயின் ரோட்டுக்குப் போய்ப் பரோட்டா சாப்பிடலாமா என்று என் காதில் ஓதிப் பார்த்தான். சால்னாவில் என்ன கிடக்கும் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தவிர, நாடகத்துக்கு முன்னால் பரோட்டா என்பதே எனக்கு உடன்பாடு இல்லாத விஷயம். மூன்று பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தவன் பபூன் வரும் வரைக்கும்கூட விழித்திருக்க மாட்டான். நாலு இட்லி, கூடவே ஒரு தேங்காய்ச் சட்னி, அவ்வளவுதான். அஞ்சாவது இட்லி வைத்தாலும் வேண்டாம் என்று எழுந்துவிட வேண்டும். தம்பி இட்லியை நாலோடு நிறுத்திவிட்டு, ராட்டினத்துப் பக்கம் போய் முகத்தை மறைக்கிற அளவு டெல்லி அப்பளம் ஒன்றும் மிளகாய் பஜ்ஜியும் சீனிச்சேவும் தின்றுவிட்டு வந்தான்.

நோட்டீசில் பத்து மணி என்று போட்டிருந்தார்கள். ஆர்மோனியக்காரர் கட்டையை அழுத்தும்போது மணி பதினொன்று. ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ராஜபார்ட் மதுரை, வள்ளி புதுக்கோட்டை, பபூன் காரைக்குடி என்று வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. மேடைக்குப் பின்னால் பவுடர் போடும்போதுதான் பாதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே. இதைச் சொன்னதும் தம்பி அசந்துபோனான். "ரிகர்சல் இல்லாம ஏழு மணி நேரமா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இன்டர்வெல் எப்போ?" என்றான்.

இடைவேளை கிடையாது. அவரவர் எழுந்து போகிறபோதுதான் அவரவருக்கு இடைவேளை. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. பபூனும் டான்சும் மேடையில் நிற்கும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் உன் சட்டை, உன் நடை, உன் பெண்டாட்டி என்று வரிசையாகப் பாட்டில் வந்துவிடும். வள்ளி வந்து ஆலோலம் பாடும்போது எழுந்தால் அப்பத்தாவே உட்கார வைத்துவிடும். நாரதர் வந்து வள்ளியோடு தர்க்கம் தொடங்கினால், அப்போதுதான் வாலிபப் பிள்ளைகள் சத்தமில்லாமல் பின்பக்கம் நழுவுவார்கள். தர்க்கம் கேட்கவே வருகிற பெரியவர்கள் அசைய மாட்டார்கள்.

சுக்குக் காப்பிக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. சைக்கிள் கேரியரில் பெரிய கேன், அதன் அடியில் கரி நெருப்பு. கேனின் குழாயைத் திறந்தால் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் கலந்த வாசம் மேடை வரைக்கும் போகும். பபூன் பேசும்போது சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவரும் உட்கார்ந்து சிரிப்பார். நாரதர் தம்பூராவோடு உள்ளே வந்ததும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். "நாரதர் நல்லாப் பேசுனா எனக்கு ரெண்டாவது கேனும் காலி தம்பி. மட்டமாப் பேசுனா ஆளுக வீட்டுக்குப் போயிருவாக, நமக்கு நட்டம்" என்றார். இவ்வளவு நேர்மையான நாடக விமர்சனத்தை நான் பத்திரிகையில் படித்ததில்லை. அன்றைக்கு நாரதர் கெட்டிக்காரர். தம்பி மூன்று கிளாஸ் குடித்தான். கடல் காற்றும் பனியும் சேர்ந்து இறங்கும் அந்த நேரத்தில் டீயைவிட இதுதான் சரி என்பது என் கட்சி. டீ குடித்தால் அரை மணி நேரம் தாங்கும். சுக்கு, வேடன் மானைத் தேடி வரும் வரைக்கும் தாங்கும்.

நாலு மணி வாக்கில் முருகன் கிழவர் வேஷத்தில் வந்தார். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கிழவருக்குப் பசிக்கும். வள்ளி தேனும் தினைமாவும் கொடுப்பாள். அதைத் தின்றதும் விக்கல் வரும், தண்ணீர் கேட்பார். ஆனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறவர்களிடம் ஒருவர் மேடையில் நின்று "பசி உயிர் போகுதே" என்று ராகம் போட்டு இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முன்வரிசை முழுக்கத் தூக்குவாளி மூடிகள் திறக்கிற சத்தம் கேட்டது. வருஷா வருஷம் இந்த இடத்தில்தான் திறக்கும். அப்பத்தாவும் திறந்தாள். புளிச்சோறு, மேலே ஒரு உருண்டை தேங்காய்த் துவையல். எங்கள் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை எதற்குக் கொடுத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் அப்பத்தா துவையலை நக்கிப் பார்த்தால் போதும்.

தம்பி நக்கிப் பார்க்கவில்லை. சோற்றைவிடத் துவையலை அதிகமாக வைத்து ஒரே வாயில் போட்டுவிட்டான்.

மேடையில் வள்ளி வெறும் தட்டிலிருந்து தினைமாவை அள்ளிக் கொடுக்க, கிழவர் வெறும் கையை வாயில் போட்டு மென்றார். விக்கலுக்காக மார்பில் கையை வைத்தார். அவர் விக்குவதற்குள் தம்பி விக்கினான். சும்மா இல்லை, அந்த நேரம் பார்த்து மிருதங்கமும் நின்றிருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது. கிழவர் வைத்த கையை எடுக்காமல் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார்.

"தினைமாவு தின்னது நானு. விக்கல் அங்கிட்டுப் போயிருச்சே தாயி!"

வள்ளியும் லேசுப்பட்டவர் இல்லை. "அவரு உங்களுக்கு மூத்தவரோ?" என்று கேட்டார். தம்பி மறுபடி விக்கினான். "ஆமாங்கறாரு" என்றார் கிழவர். ஆர்மோனியக்காரர் அடுத்த விக்கலுக்கு ஒரு கட்டையை அழுத்தினார். அதற்கடுத்ததற்கு மிருதங்கம். இப்படியே ஒரு ஆவர்த்தனம் ஓடியது. அப்பத்தாதான் சொம்புத் தண்ணீரை அவன் தலையில் பாதியும் வாயில் பாதியுமாக ஊற்றி முடித்துவைத்தாள். ஒத்திகை இல்லாமல் எப்படி நாடகம் நடக்கும் என்று கேட்டவனுக்கு இதைவிட விளக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

திருமணம் முடிந்து மங்களம் பாடியபோது கடல் பக்கம் வெளுத்துவிட்டது. "அண்ணே, நாடகத்துக்குப் பின்னாடி சாப்பாடுன்னு ஒண்ணு உண்டு. அதை நான் விட மாட்டேன்" என்று தம்பி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். தேவிபட்டினம் போகிற வழியில் பனை மரத்தடியில் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பனையோலைப் பட்டையைக் கையில் ஏந்தி, ஓரத்தில் வழியாமல் குடிக்கிற வித்தை அவனுக்குப் பிடிபடவில்லை. சட்டை பாதி குடித்தது. "இதுல கிக் ஏதாவது இருக்குமா?" என்று கேட்டான். "சுண்ணாம்பு தடவுன கலயம் தம்பி. கிக்கை எல்லாம் 1987ல கள்ளைத் தடை பண்ணுனப்பவே நிறுத்திட்டாக" என்றார் மரத்தடியில் நின்றவர்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கிற நவபாஷாணத்துக்கு விடிவதற்குள்ளேயே கும்பிட வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகப் பொங்கல், வடைக் கடைகள் இருக்கின்றன. அங்கே நிறுத்தலாம் என்றேன். தம்பியின் மூக்கு வேறு பக்கம் திரும்பியிருந்தது. சுபுஹு தொழுகை முடிந்து திறந்திருந்த ஒரு பாய் கடையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் ஆவி பறந்துகொண்டிருந்தன.

"தம்பி, காப்பு."

"அது ஊருக்குள்ளதானே அண்ணே? நாம ஊரைத் தாண்டிட்டோம்."

நாரதரிடமே தர்க்கம் பண்ணலாம் போல இருந்தது. சரி என்று உள்ளே போனோம். எதிர் மேசையில், காதோரம் ரோஸ் பவுடர் அழியாமல், புருவத்தில் மை அப்பிய ஒருவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற வேனில் ஆர்மோனியப் பெட்டி. தம்பி என் கையை இடித்தான். "அண்ணே, முருகனே பாயா சாப்பிடுறாரு!"

முருகன் நிமிர்ந்து பார்த்தார். "விக்கல் நின்னுருச்சா தம்பி?"

கடைக்காரர் வேனையும் பார்த்து எங்களையும் பார்த்துவிட்டு, எந்த ஊர்த் திருவிழா என்று கேட்டார். சொன்னேன். "இன்னும் காப்பு அவுக்கலையே?" என்றபடி பாயாச் சட்டியை மூடி, எங்கள் இலையில் இடியாப்பத்தை வைத்துத் தேங்காய்ப்பாலை ஊற்றிச் சீனியைத் தூவினார்.

"பாய், அவருக்கு மட்டும்?" என்று தம்பி எதிர் மேசையைக் காட்டினான்.

"அவரு வெளியூரு முருகன் தம்பி. நீங்க அந்த ஊருப் புள்ளைக."

எட்டு இடியாப்பம் சாப்பிட்டான். வீட்டுக்கு வந்து பாயில் சாய்ந்தவன்தான். மத்தியானம் காப்பு அவிழ்த்து, தெரு முழுக்கக் கறிக்குழம்பு கொதித்தபோதும் அவனுக்கு அசைவில்லை. எழுப்பப் போன என்னை அப்பத்தா தடுத்துவிட்டாள்.

"விடிய விடிய நாடகம் பாத்த புள்ளை, தூங்கட்டும்" என்று சொல்லி, அவனுக்கென்று எடுத்து வைத்திருந்த நல்லி எலும்பை என் தட்டில் போட்டாள்.