இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு

நான்கு மாதங்களாகத் தீராத கியர் கோளாறு சென்ற ஞாயிற்றுக்கிழமை தீர்ந்தது. கப்பலூரில் எங்கள் ரப்பர் பட்டறைக்குப் பின்னால் உள்ள 200 மீட்டர் சிமென்ட் பாதையில் மாருதி 800 எஞ்சினில் ஓடும் என் பந்தய வண்டியான ஃபார்முலா மாருதியை 20 தடவை ஓட்டினேன். மூன்றாம் கியர் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

என் வண்டியில் கியர் லீவர் சேசிஸோடு சேர்ந்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் முதுகுக்குப் பின்னால் ரப்பர் மவுண்ட்டுகளில், அதாவது அதிர்வைத் தாங்கும் ரப்பர் கட்டைகளில், உட்கார்ந்திருக்கின்றன. லீவரையும் கியர்பாக்ஸையும் இணைப்பது ஒரு நீளமான ராடு. மூன்றுக்குத் தள்ளினால் பல தடவை ஒன்றில் போய் விழுந்தது. ராடில்தான் தேய்மானம் என்று நம்பி, அதன் முனைகளில் இருந்த புஷ்களைக் கழற்றிவிட்டு ரோஸ் ஜாயின்ட் (உள்ளே குண்டு வைத்த உலோக மூட்டு) போட்டேன். உள்ளூரில் வாங்கியவை புதிதாக இருக்கும்போதே ஆடின. கோவையிலிருந்து வந்தவை, விலை அதிகமானாலும், இறுக்கமாக இருந்தன. ஆனாலும் கோளாறு அப்படியே இருந்தது.

பிறகு கியர்பாக்ஸில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் நுனி சேசிஸில் ஒட்டிய சுண்ணாம்பு பூசிய தகட்டில் உரசும்படி வைத்து ஓட்டினேன். ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டுக் காலை எடுத்ததும் தகட்டில் 14 மில்லிமீட்டர் கோடு விழுந்திருந்தது. அதாவது, நான் காலை எடுத்துக் கியர் மாற்றும் அதே நொடியில் எஞ்சின் திரும்பிச் சாய்ந்து, ராடைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. குற்றம் ராடில் இல்லை, மவுண்ட்டில் இருந்தது. 25 ஆண்டுகளாக ரப்பர் வார்க்கும் நான் அதை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

கார்பன் பிளாக்கைக் கூட்டி, ரப்பரின் கடினத்தைக் காட்டும் ஷோர் அளவில் 55 இல் இருந்த கலவையை 70 க்குக் கொண்டுவந்து எங்கள் அச்சிலேயே நான்கு மவுண்ட்டுகள் வார்த்தேன். இப்போது கோடு 4 மில்லிமீட்டர்தான். மூன்று சிலிண்டர் எஞ்சினின் நடுக்கம் ஐடிலிங்கில் கண்ணாடிவரை ஏறுகிறது, அதை ஏற்றுக்கொண்டேன்.

இந்த வண்டியை வடிவமைத்த எஸ். கரிவர்தன் கோவைப் பஞ்சாலைக் குடும்பத்தவர். சென்னை அருகே சோழவரம் தடத்தில் பந்தயம் ஓட்டியவர். 1995 இல் விமான விபத்தில் மறைந்தார். சாதாரண மாருதி 800 இன் 796 சிசி எஞ்சினை வைத்தே இளைஞர்களுக்கு எட்டும் விலையில் பந்தய வண்டி கொடுத்த அவரை நினைக்காமல் நான் ஸ்பேனரை எடுப்பதில்லை. கோவை அருகே செட்டிபாளையத்தில் அவர் பெயர் தாங்கிய 2.1 கிலோமீட்டர் தடத்தில் இதை ஓட்ட வேண்டும் என்பதே என் ஆசை. அதற்கு முன் கார்புரேட்டர் ஜெட் மாற்ற வேண்டும்; ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்பதால் பக்கவாட்டுப் பெட்டிக்கு அலுமினியத் தகடு வெட்டத் தொடங்கிவிட்டேன். மவுண்ட் போல்ட்டுகளுக்கு லாக் நட் போடுவது இன்னும் பாக்கி இருக்கிறது.